வாட் மீட்டரும் அப்பத்தாவின் வாழையும்

2023 தொடக்கத்தில் எங்கள் வீட்டு அட்டையில் 560 யூனிட் என்று எழுதிவிட்டுப் போனார்கள். கட்டணம் 2,430 ரூபாய். செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுதான், ஆனால் புழங்குவது இரண்டாம் கட்டு, அதாவது முன்னிருந்து இரண்டாவது பகுதி வரைக்கும்தான். சுண்ணாம்புச் சுவர், உயரமான கூரை என்பதால் ஏசியும் கிடையாது. பிறகு எது இவ்வளவு தின்கிறது என்று பார்க்கத்தான் ஆயிரம் ரூபாய்க்குள் ஒரு வாட் மீட்டர் வாங்கினேன். பிளக்கில் அதைச் செருகி, அதில் சாமானைச் செருகினால் எத்தனை வாட், எத்தனை யூனிட் (ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) என்று காட்டும்.

முதலில் 500 யூனிட் விஷயம். 2022 செப்டம்பரில் வந்த விகிதப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய். 510 என்றால் 2,030. பத்து யூனிட் கூடியதற்கு 305 ரூபாய்! 500-ஐத் தாண்டியதும், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு அப்போது இருந்த 2.25 ரூபாய் என்ற சலுகை போய் அதுவும் 4.50 ஆனது. அதிலேயே 225 ரூபாய் போச்சு. மீதி 80, கூடுதல் பத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய் வீதம். 2024 ஜூலையில் விகிதம் கொஞ்சம் ஏறியது, 500 கோடு மட்டும் நகரவில்லை.

அம்மாவுக்குக் கிரைண்டர் மேல்தான் சந்தேகம். வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு ஆட்டும்போதெல்லாம் பாதியிலேயே நிறுத்தப் பார்ப்பார். அளந்தால் 150 வாட். நாற்பது நிமிடம் ஓடினாலும் 0.1 யூனிட்தான். டிவி பக்கத்தில் இருக்கும் செட்டாப் பாக்ஸை யாரும் கண்டுகொள்ளவில்லை. அது பத்து வாட்தான், ஆனால் அணைப்பதே இல்லை. இரண்டு மாதத்தில் 14 யூனிட்.

ஃபிரிட்ஜை ஒரு மணி நேரம் மட்டும் அளந்து நான் ஏமாந்தேன். கம்ப்ரஸர் நின்று நின்று ஓடுவதால் முழு நாள் விட்டுத்தான் பார்க்க வேண்டும். எங்கள் கிழட்டுப் பெட்டி நாளைக்கு 1.8 யூனிட். புதிது வாங்கும்போது ஸ்டார் ஸ்டிக்கரில் உள்ள ஆண்டு யூனிட்டை 365-ஆல் வகுத்துப் பார்த்து எடுத்தேன். அது 0.7. அடுத்த கணக்கு 494 யூனிட், 1,689 ரூபாய்.

மீட்டரில் குறை இல்லாமல் இல்லை. கரண்ட் போனால் கூட்டி வைத்த கணக்கு அழிந்துவிடும்; உள்ளே இருக்கும் பொத்தான் பேட்டரி ஒரு வருடத்திலேயே செத்துவிட்டது. ஐந்து வாட்டுக்குக் கீழே அது காட்டும் எண்ணை நான் நம்புவதில்லை. திரையில் வெளிச்சமும் கிடையாது, மேசைக்கு அடியில் குனிந்து டார்ச் அடித்துத்தான் படிக்கணும்.

போர் மோட்டாரை இதில் செருக முடியாது. அதற்கு முகப்பில் இருக்கும் மின்வாரிய மீட்டரே போதும். எங்களுடையதில் 3200 முறை சிவப்பு விளக்கு மின்னினால் ஒரு யூனிட் என்று போட்டிருக்கிறது. உங்களுடையதில் வேறு எண் இருக்கலாம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மோட்டாரை மட்டும் ஓடவிட்டேன். நிமிடத்துக்கு 64 மின்னல். அப்படியானால் மணிக்கு 3840, அதாவது 1.2 யூனிட். தொட்டி நிறைய 25 நிமிடம். நாளைக்கு அரை யூனிட். நோட்டில் எழுதி வைத்துவிட்டு மறந்துவிட்டேன்.

2024 மார்ச் கணக்கில் 518 யூனிட் வந்தது. 2,094 ரூபாய். ஃபிரிட்ஜ், ஃபேன் எல்லாம் பழைய எண்ணிலேயே இருந்தன. கடைசியில் நோட்டைப் புரட்டிவிட்டு மோட்டாரைக் கடிகாரம் வைத்துப் பார்த்தால், தொட்டி நிறைய 45 நிமிடம் ஆகிறது. நாளுக்கு இருபது நிமிடம் கூடுதல், அறுபது நாளைக்கு 24 யூனிட். 494-உம் 24-உம் சேர்ந்தால் 518, அப்படியே பொருந்தியது.

பிளம்பர் வந்து மூன்றாம் கட்டுக்குப் பின்னால் தோண்டினார். குழாய் இணைப்பில் விரிசல். சரியாக வாழை மரத்தடியில். முந்தைய வாரம்தான் அப்பத்தா அந்தக் குலையைக் காட்டி, "பாத்தியா ராசா, நம்ம மண்ணுக்கு எருவே வேணாம்" என்றார்.

குழாயை மாற்றி அடைத்தாயிற்று, மறுபடி 25 நிமிடம்தான். வாழை வாடுகிறது என்று அப்பத்தா சொல்ல, தினமும் காலையில் இரண்டு வாளி தண்ணீர் நான்தான் தூக்கி ஊற்றுகிறேன்.