மானெக்‌ஷா படத்துக்கு ஃப்ரேம் போட்ட கடை

மண்டபம் ஊரில் ஆர்மி செலக்‌ஷனுக்குப் பையன்களைத் தயார் செய்வது என் வேலை. அவர்கள் உட்காரும் ஹாலில் மாட்ட ஃபீல்டு மார்ஷல் சாம் மானெக்‌ஷா படம், கீழே பத்து வரியில் அவர் வரலாறு. இதுதான் ராமநாதபுரத்து ஃப்ரேம் கடை ஒன்றில் நான் கொடுத்த ஆர்டர்.

ஃப்ரேம் வேலையில் குறை சொல்ல இடமே இல்லை. மண்டபம் என்றதுமே கடைக்கார பாய், மரச்சட்டம் வேண்டாம் என்றுவிட்டார். உப்புக் காற்றில் ஆணி துருப்பிடித்து, கறை படத்தில் இறங்கிவிடுமாம். ஃபைபர் சட்டம், துருப்பிடிக்காத ஸ்க்ரூ, பின்பக்க ஓரம் முழுக்க டேப். ஐப்பசி, கார்த்திகை மழை தாண்டியும் உள்ளே ஒரு பூஞ்சைப் புள்ளி இல்லை.

எழுத்தில்தான் சொதப்பல். ‘பரம்வீர் சக்ரா பெற்ற’ என்று அடித்து வைத்திருந்தார் டிசைன் செய்யும் தம்பி. பெரிய தளபதி என்றால் பெரிய பதக்கம் இருக்கும் என்று அவரே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டார். மானெக்‌ஷா வாங்கியது மிலிட்டரி கிராஸ், பிரிட்டிஷ் காலத்து வீரப் பதக்கம். 1942 பிப்ரவரி, பர்மாவில் சிட்டாங் ஆற்றுப் பாலத்துச் சண்டை. ஜப்பான்காரன் மெஷின் கன் அவர் வயிற்றைத் துளைத்துவிட்டது. பிழைக்கமாட்டார் என்று தோன்றியதும் மேலதிகாரி கோவன் தன் சட்டையில் இருந்த மிலிட்டரி கிராஸ் ரிப்பனையே கழற்றி அவருக்குக் குத்தினார். அந்தக் காலத்தில் இறந்தவருக்கு அந்தப் பதக்கம் கொடுக்கமாட்டார்கள், அதனால்தான் அந்த அவசரம். பர்மாவுக்குப் பிழைக்கப் போன தாத்தாக்களின் கதை கேட்டு வளர்ந்த சனம் நாங்கள். இதை விட்டுவிட்டு வேறு எதைப் போடுவது? “எல்லாம் மெடல்தானே மாஸ்டர்” என்றார் தம்பி. எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் நானே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பாதி இடம் சிட்டாங்குக்கே போய்விட்டது. 1969இல் ராணுவத் தலைமைத் தளபதி, 1971 பாகிஸ்தான் போரில் எதிர்த்தரப்பில் 93,000 பேர் சரண், 1973இல் ஃபீல்டு மார்ஷல், 2008இல் வெலிங்டனில் மறைவு, எல்லாம் ஆளுக்கொரு வரி.

முதலில் தம்பி தேர்ந்தெடுத்த படமும் சரியில்லை. அது ஜெனரலாக இருந்தபோது எடுத்தது, தோளில் நட்சத்திரம் தெரிந்தது. ஃபீல்டு மார்ஷலுக்கு அந்த இடத்தில் தாமரை வளையம் வரவேண்டும். பயிற்சிக்கு வரும் பையன் அதைத்தான் முதலில் கவனிப்பான். மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள், அதற்குத் தனியாகக் காசும் கேட்கவில்லை.

மொத்தம் 1,800 ரூபாய். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்து ஆட்கள் தாராளமாகப் போகலாம். எழுத்து வேலை இருந்தால் மட்டும் வீட்டிலேயே டைப் செய்து எடுத்துப் போங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே மாட்டுவதாக இருந்தால் மேட் கண்ணாடி கேளுங்கள். சாதாக் கண்ணாடியில் காலை நேரத்தில் வெயில்தான் தெரியும், மானெக்‌ஷா தெரியமாட்டார்.