நாலு வருஷ ஹாஸ்டலுக்கு எந்த ஸ்பீக்கர்?

ஹாஸ்டல் அறைக்கு ஸ்பீக்கர் எது வாங்கலாம் என்று கேட்டு வரும் ஜூனியர்கள் பெரும்பாலும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஒன்று, கையடக்க புளூடூத் ஸ்பீக்கர். இல்லையென்றால் இரண்டு சின்ன ஸ்பீக்கரோடு, பேஸ் என்கிற அடிச்சத்தத்துக்கென்று சப்வூஃபர் பெட்டி ஒன்றும் தனியாக வரும் 2.1 செட். நான் இரண்டையும் விட்டுவிட்டு, பிளக்கில் மாட்டி ஓட்டும் இரண்டு பெட்டி ஸ்பீக்கர்களை வாங்கினேன், அதுவும் ஃபைனல் இயர் முடித்துக் கிளம்பிய ஓர் அண்ணனிடம் பழையதாக. அதனால் இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

2.1-ஐ முதலில் முடித்துவிடலாம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் சப்வூஃபரை வைக்க இடம் கட்டிலுக்கு அடியில்தான். பத்தடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி தேங்கி நிற்கும், பன்னிரண்டு அடிக்கு 47 வாக்கில். சப்வூஃபர் வேலை செய்யும் இடமே அதுதான். சுவரோரக் கட்டிலில் படுத்திருப்பவனுக்குக் காது அடைக்கும். அறை நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தவனுக்கு பேஸ் எங்கே போனது என்றே தெரியாது. பக்கத்து அறைக்காரனுக்குப் பாட்டு கேட்காது, குத்து மட்டும் சுவர் தாண்டிக் கேட்கும். அப்புறம் வார்டன் வருவார். போதும்.

புளூடூத் ஸ்பீக்கரை அப்படித் தள்ள முடியாது. மொட்டை மாடிக்கு எடுத்துப் போகலாம், டூர் பஸ்ஸில் வைக்கலாம், குளிக்கும்போதும் பாட்டு ஓடும். ஜேபிஎல் ஃபிளிப் 6-ஐ எடுத்துக்கொண்டால் அடிச்சத்தத்துக்கு 20 வாட் வூஃபர், கீச்சுச் சத்தத்துக்கு 10 வாட் ட்வீட்டர், 12 மணி நேர பேட்டரி, தூசியும் தண்ணீரும் புகாத ஐபி67 உடம்பு. அந்த அளவுக்குள் அது எழுப்பும் சத்தம் ஆச்சரியம்தான். ஆனால் அது மோனோ. வயலின் ஒரு பக்கம், கிடார் மறுபக்கம் என்று பிரித்துப் பதிவு செய்த பாட்டெல்லாம் ஒரே புள்ளியிலிருந்து வரும். வயர் மாட்ட ஆக்ஸ் ஓட்டையும் கிடையாது. புளூடூத்தில் சத்தம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். படம் பார்க்கும்போது ஆப் அதைச் சமாளித்துவிடும். கேம் ஆடுபவனுக்குத் துப்பாக்கி வெடித்த பிறகுதான் சத்தம் வரும்.

இதெல்லாம் சகித்துக்கொள்ளக்கூடிய குறைகள். என் முடிவை மாற்றியது பேட்டரி.

லித்தியம் அயான் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழு சார்ஜ் வரை ஓடினால் அதன் கொள்ளளவு எண்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும். முழு சார்ஜிலேயே கிடந்தால் இன்னும் சீக்கிரம், சூட்டில் கிடந்தால் அதைவிடச் சீக்கிரம். ஹாஸ்டலில் இரண்டும் நடக்கும். வாங்கிய புதிதில் மாடிக்கும் மெஸ்ஸுக்கும் போகும் ஸ்பீக்கர், செமஸ்டர் சூடு பிடித்ததும் மேஜையை விட்டு நகராது. சார்ஜர் மாட்டியபடியே கிடக்கும். மே மாதத்து அறையின் சூட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதற்கு முன் நான் வைத்திருந்த புளூடூத் பெட்டி அப்படித்தான் போனது. முதலில் ஓடும் நேரம் குறைந்தது. பிறகு சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாலே அணைந்துவிடும், சார்ஜர் மாட்டியிருந்தாலும்கூட. இந்த வகைப் பெட்டிகள் பலவற்றில் டிரம் அடி விழும்போது தேவைப்படும் கரண்டைக் கொடுப்பது பேட்டரிதான். செத்த பேட்டரியை சார்ஜரால் ஈடுகட்ட முடியாது. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “பேட்டரி போட்டுத் தரேன் தம்பி. ஆனா பசை போட்டு ஒட்டின பெட்டி, பிரிச்சா பழையபடி தண்ணி புகாதுன்னு நான் சொல்ல மாட்டேன்” என்றார். தண்ணீர் புகாது என்பதற்குச் சேர்த்துத்தானே காசு கொடுத்திருந்தோம்.

பிளக்கில் மாட்டும் பெட்டிகளில் இந்தத் தலைவலி இல்லை. எடிஃபையர் ஆர்1280டி இந்த ரகத்துக்கு நல்ல உதாரணம்: பெட்டிக்கு ஒரு நாலு இஞ்ச் வூஃபர், 13 மில்லிமீட்டர் சில்க் டோம் ட்வீட்டர், இரண்டுக்கும் சேர்த்து 42 வாட். ஆம்ப்ளிஃபயர் ஒரு பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. அதிலிருந்து மற்றதற்குப் போவது சாதாரண ஸ்பீக்கர் வயர், எலி கடித்தால் எந்த எலக்ட்ரிக்கல் கடையிலும் மீட்டர் கணக்கில் கிடைக்கும். என்னிடம் இருப்பது வேறு கம்பெனி ஜோடி, உள்ளே சமாச்சாரம் ஒன்றுதான். நாளடைவில் கெடக்கூடியது பெரும்பாலும் கேபிள், வால்யூம் குமிழ், உள்ளே கரண்டைச் சீராக்கும் கப்பாசிட்டர். கப்பாசிட்டர் உப்பினால் ‘ம்ம்ம்’ என்று உறுமும். மாற்ற வேண்டிய பொருளின் விலை சில ரூபாய்தான், சாலிடர் வைக்கும் கூலி அதைவிட அதிகம்.

வால்யூம் குமிழில் கரகர சத்தம் எனக்கும் வந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, குமிழை நேராக இழுத்துக் கழற்றி, காண்டாக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை அதன் தண்டோரம் வைத்து ஒரே ஒரு அழுத்து. பிறகு இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாகப் பல தடவை திருக வேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகு கரண்ட் கொடுத்தேன். கரகர போய்விட்டது. டப்பாவை இப்போது எங்கள் விங் முழுக்க இரவல் வாங்குகிறார்கள்.

தொல்லையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். மேஜையில் பாதி போய்விடும். லேப்டாப் சார்ஜர் மாட்டியவுடன் ஸ்பீக்கரில் ஒரு இரைச்சல் வரலாம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டிப் பாருங்கள், போகாவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு சின்ன டப்பா விற்கிறது, அதை ஆடியோ கேபிளின் நடுவில் போடலாம். எர்த் பின்னை வெட்டும் வைத்தியம் மட்டும் வேண்டாம். மேஜை மேல் அப்படியே வைத்தால் ட்வீட்டர் நெஞ்சைப் பார்த்துப் பாடும். முன்பக்கத்துக்கு அடியில் பழைய ரெக்கார்டு நோட்டு ஒன்றைச் செருகினால் சரியாகிவிடும். பின்சுவரை ஒட்டினால் பேஸ் தானாகக் கூடும். சப்வூஃபர் இல்லாத குறை அதிலேயே பாதி தீரும், அதிகமாகிவிட்டால் பேஸ் குமிழைக் குறைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவு இடம் இல்லை என்றால் கிரியேட்டிவ் பெபிள் மாதிரி யூஎஸ்பி-யில் ஓடும் உருண்டை ஸ்பீக்கர்கள். முதலில் வந்த மாடல் 4.4 வாட்தான், பேஸ் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரிதாக இறங்காது, ஆனால் பேட்டரி இல்லை, ஸ்டீரியோ உண்டு, முகம் காதைப் பார்த்துச் சாய்ந்தே இருக்கும். ரூம்மேட்டுடையதை அவ்வப்போது கேட்டதுதான் என் அனுபவம், அதனால் எத்தனை வருஷம் உழைக்கும் என்று அடித்துச் சொல்லமாட்டேன். சவுண்ட்பாரை ஹாஸ்டலில் யாரும் வைத்து நான் பார்க்கவில்லை.

இயர்போன் தனிக் கணக்கு. எந்த ஸ்பீக்கர் வாங்கினாலும் ராத்திரி பதினொன்றுக்கு மேல் அதுதான் கதி. கேபிளைக் கழற்றி மாட்டும் வகையாக வாங்குங்கள், கெடுவது எப்போதும் வயர்தான். 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை. தூங்கும்போதும் மாட்டிக்கொண்டு கிடப்பவர்கள் இதைக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம்.

விற்கும்போதும் இதே பேட்டரிதான் பேசும். பழைய புளூடூத் பெட்டிக்குள் பேட்டரிக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்று வாங்குபவனுக்குத் தெரியாது, பயத்தில் அடிமாட்டு விலைக்குக் கேட்பான். பெட்டி ஸ்பீக்கரை அங்கேயே சோதித்துவிடலாம். நீங்களும் மே மாதம் அறை காலி செய்யும் சீனியரிடம் வாங்குவதாக இருந்தால், பாட்டு போடாமல் வால்யூமை முழுக்கத் திருகி உறுமுகிறதா என்று கேளுங்கள். பாட்டை மெதுவாக ஓடவிட்டுக் குமிழைத் திருகி, கரகர இருக்கிறதா என்று பாருங்கள். கோனைச் சுற்றியிருக்கும் வளையம் ரப்பரா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஃபோம் என்றால், அதுவும் விரலில் பொடியாக ஒட்டினால், விலையைக் குறைத்தாலும் வேண்டாம். கரகர மட்டும்தான் என்றால் பேரம் பேசி வாங்கிவிடுங்கள், கிளீனர் டப்பா என் அறையில் இருக்கிறது.