டெக்ஸா ஸ்கேனா, மரபணுப் பரிசோதனையா?

இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்த எங்கள் அம்மா, லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு)ப் படியில் சறுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அப்புறம் பிள்ளைகள் எங்களுக்கும் பயம் வந்துவிட்டது. எங்கள் எலும்பு எப்படி என்று அறிய எதைப் பார்ப்பது: எலும்பு அடர்த்தியை எக்ஸ்-கதிரால் அளக்கும் டெக்ஸா ஸ்கேனா, மரபணுப் பரிசோதனையா?

மரபணுக் கதை சுவாரசியமானதுதான். எலும்பு மஜ்ஜையிலுள்ள ஒரே வகை மூல உயிரணு, எலும்பு கட்டும் அணுவாகவும் மாறலாம், கொழுப்பணுவாகவும் மாறலாம். ரன்க்ஸ்2 மரபணு எலும்புப் பக்கம் இழுக்கும். பிபிஏஆர்-காமா மரபணு கொழுப்புப் பக்கம் இழுக்கும். வயது ஏற ஏற இந்த இழுபறியில் கொழுப்பின் கை ஓங்கும். எலும்பு அடர்த்தியில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 50 முதல் 80 சதவீதம் பரம்பரையால் வருவதாக இரட்டையர் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது நூற்றுக்கணக்கான மரபணுக்களில் சிதறிக் கிடக்கிறது. பெரும்பாலானவற்றின் பங்கு கடுகளவுதான். அறிக்கை கையில் வந்தாலும் அதை மட்டும் வைத்து வைத்தியர் மருந்து எழுத முடியாது.

டெக்ஸா மஜ்ஜைக் கொழுப்பைக் காட்டாது (அதற்கு எம்ஆர்ஐ வேண்டும்). எலும்பின் இன்றைய நிலையைச் சொல்லும். டி-ஸ்கோர் (இளவயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிடும் எண்) -2.5 அல்லது அதற்கும் கீழே என்றால் எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய். கதிர்வீச்சும் மிகக் குறைவு. மலையிறங்கிப் போகும் பஸ் பயணம்தான் தொல்லை.

என்னைக் கேட்டால் ஸ்கேன்தான். பரம்பரைக்கு அம்மாவின் இடுப்பே சாட்சி. பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா என்று முறிவு அபாயத்தைக் கணிக்கும்போதே கேட்கிறார்களே.