லாரி நிறுத்தத்தில் “ஆம்பர் கல்” விற்கிறார்கள், ஏமாந்துவிடாதீர்கள்

நெடுந்தூர லாரி ஓட்டும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். இரவு நேரத்தில் ஓய்வு நிறுத்தத்தில் யாராவது கேபின் கதவைத் தட்டி, உள்ளே பூச்சி சிக்கிய மஞ்சள் கல்லைக் காட்டி ‘ஆம்பர்’ (இறுகிய பழங்கால மரப்பிசின்) என்று சொன்னால் வாங்காதீர்கள். மனசு கேட்கவில்லை என்றால், கீழே சொல்லியிருக்கும் உப்புத் தண்ணீர் சோதனையைச் செய்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஒவ்வொரு டிரிப்பிலும் என் மகளுக்கு ஏதாவது ஒன்று கொண்டுபோவேன். பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியதாக இருக்காது. பின்னால் இரட்டை டயர் இடுக்கில் சிக்கிய கல், எல்லை தாண்டியதும் பையில் மிஞ்சிய அந்த நாட்டுச் சில்லறை, லோடு இறக்கிய இடத்தில் சக டிரைவர் கொடுத்த ஸ்டிக்கர், ஒரு இறகு, இப்படித்தான். அவள் ஒவ்வொன்றிலும் துண்டுச் சீட்டு ஒட்டி, ஊரும் தேதியும் எழுதி, பிஸ்கட் டின்னில் போட்டுவைப்பாள். நான் வீட்டில் இல்லாத நாட்களுக்கு அந்த டின்தான் கணக்கு.

நான் ஏமாந்த அந்த டிரிப் அவளுடைய பிறந்தநாள் சமயத்தில் வந்தது. இந்த முறையாவது நல்லதாக ஒன்று கொண்டுபோக வேண்டும் என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அப்போதுதான் கதவு தட்டினார்கள். “நானும் ரொம்ப வருஷம் வண்டி ஓட்டினவன்தான் அண்ணே” என்று வந்தவர் ஆரம்பித்தார். எந்தச் சாலையில் எங்கே பள்ளம் என்பது வரை சரியாகச் சொன்னார். அதில்தான் நான் விழுந்தேன். நம் தொழில்காரன் நம்மை ஏமாற்ற மாட்டான் என்று நினைத்துவிட்டேன்.

துணியைப் பிரித்தார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிய, தேன் நிறக் கல். போன் டார்ச்சைப் பின்னால் பிடித்ததும் உள்ளே ஒரு குட்டித் தேள், கொடுக்கைத் தூக்கி, கால்களை அழகாக விரித்தபடி இருந்தது. கடைசி ஒன்றுதான், விடிந்தால் வேறொருவர் வாங்க வருகிறார் என்றார். மூன்று நாள் பேட்டாவை எடுத்துக் கொடுத்துவிட்டேன். ஆமை ஓட்டுச் சீப்பு ஒன்றையும் காட்டினார், நல்லவேளையாக அதை வாங்கவில்லை. அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களை நாடுகளுக்கிடையே விற்பதைக் கட்டுப்படுத்த 1975-ல் நடைமுறைக்கு வந்த சைட்டிஸ் ஒப்பந்தத்தில் கடலாமை இனங்கள் எல்லாமே இன்று மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கின்றன. எல்லைச் சோதனையில் அது கையில் இருந்தால் பொருள் மட்டும் போகாது, வழக்கும் வரும்.

நான்கு நாள் கழித்து வேறொரு யார்டில், வரிசையில் எனக்கு முன்னால் நின்ற டிரைவரிடம் பெருமையாகக் கல்லைக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் தன் டேஷ்போர்டு பெட்டியைத் திறந்து இன்னொன்றை எடுத்தார். அதற்குள் வண்டு. ஆனால் கல்லின் வடிவம் அச்சு அசல் ஒன்று. இடது ஓரத்தில் நகம் பதிந்த மாதிரி ஒரு சின்ன வெட்டு, இரண்டிலும் ஒரே இடத்தில். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை.

உண்மையான ஆம்பர் என்பது கல்லே இல்லை. பழங்கால மரங்களின் பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகியது. பால்டிக் கடலோரத்தில் கிடைப்பது சுமார் 4 கோடி ஆண்டு பழையது. பிசின் என்பதால் எடை குறைவு. அதனால்தான் உப்புத் தண்ணீர் வேலை செய்கிறது. 300 மில்லி தண்ணீரில் ஏழு டீஸ்பூன் உப்பைப் போட்டு நன்றாகக் கரையுங்கள். ஆம்பர் மிதக்கும். கண்ணாடியும், வார்ப்புப் பிளாஸ்டிக்கில் பெரும்பாலானவையும் மூழ்கும். என்னுடையதை டம்ளரில் போட்டதும் ‘டொக்’ என்று அடியில் போய் உட்கார்ந்தது. பக்கத்தில் நின்ற மகள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்கவில்லை. பணம் போனதைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மிதந்துவிட்டால் உடனே நம்பவும் வேண்டாம். வயது குறைந்த பிசினான கோப்பலும் மிதக்கும், சில பிளாஸ்டிக்குகளும் மிதக்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் ஒரு சொட்டு விட்டால் கோப்பல் பிசுபிசுக்கும், ஆம்பர் அப்படியே இருக்கும். அப்புறம் உள்ளே இருக்கும் பூச்சியைக் கவனியுங்கள். பிசினில் மாட்டிய உயிர் தப்பிக்கத் துடித்திருக்கும். பெரிய பூச்சி, நட்ட நடுவில், எந்தச் சேதமும் இல்லாமல் போஸ் கொடுப்பது போல இருந்தால் சந்தேகப்படுங்கள்.

இதில் படித்தவர்களும் ஏமாந்திருக்கிறார்கள். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 1922-ல் வாங்கிய ஆம்பர் ஒன்றில் ஈ இருந்தது. 1993-ல்தான் அது போலி என்று தெரிந்தது. நுண்ணோக்கி விளக்கின் சூட்டில் விரிசல் தெரிய, பார்த்தால் ஆம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். ஆக, ஆம்பர் உண்மையாகவே இருந்தாலும் உள்ளே இருப்பது பொய்யாக இருக்கலாம். பகலில், லென்ஸ் வைத்து ஓரங்களில் ஒட்டுக் கோடு தெரிகிறதா என்று பாருங்கள். டார்ச் வெளிச்சத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

அந்தப் போலிக் கல்லை இப்போது கேபினிலேயே வைத்திருக்கிறேன், நிறுத்தங்களில் மற்ற டிரைவர்களுக்குக் காட்டுவதற்காக. இதுவரை இரண்டு பேர் தங்களுடையதையும் எடுத்துக் காட்டினார்கள். உங்களிடமும் இப்படி ஒன்று இருந்தால் இடது ஓரத்தைத் தடவிப் பாருங்கள், அந்த நக வெட்டு இருக்கிறதா என்று.