வின்செஸ்டர் 94, மார்லின் 336, சாவேஜ் 99: மான் வேட்டைக்கு எந்தப் பழைய லீவர் ரைஃபிள்?

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் மான் வேட்டைக்கு, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளை எடுத்துப் போகச் சட்டம் அனுமதிப்பதில்லை. அடர்ந்த காட்டில் வெண்வால் மான் கண்ணில் படுவதே சில நொடிகள்தான். விசையடியில் உள்ள லீவரை (நெம்புகோலை) கீழே தள்ளி இழுத்து, தோளிலிருந்து இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்ற முடிகிற லீவர் ரைஃபிள் அங்கே நிலைத்ததில் வியப்பில்லை. பழைய துப்பாக்கி வாங்க நினைப்பவர் முன் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் வந்து நிற்கும். இவற்றில் எது என்பதை, என் கணிப்பில், வாங்குபவரின் கண்பார்வைதான் தீர்மானிக்க வேண்டும்.

ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94, சுமார் 3 கிலோ எடை. தட்டையான உடல், ஒரு கைக்குள் அடங்கிவிடும். நாள் முழுக்க நடந்து தேடுபவருக்கு இதைவிட இதமான துப்பாக்கி இல்லை. ஆனால் சுட்ட தோட்டாவின் கூடு மேல்பக்கமாகத் தெறிக்கும். அதனால் பழைய 94-இல் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) நேர் மேலே பொருத்த வழியில்லை. இரும்புக் குறிமுள்ளைத் தெளிவாகப் பார்க்கும் கண் இருந்தால் மட்டுமே இது உங்களுக்கு. 1964-இல் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். அதற்கு முந்தையவற்றுக்கு விலை அதிகம். அந்த வேலைப்பாட்டுக்குத் தகும்.

1948-இல் வந்த மார்லின் 336 சற்றே கனம். கூடு பக்கவாட்டில் வெளியேறும், மேல்பாகம் மூடிய இரும்பு. ஸ்கோப் அழகாக உட்காரும். நாற்பதைத் தாண்டிய கண்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அந்தி வெளிச்சத்தில் மங்கலான குறியோடு சுட்டு மானைக் காயப்படுத்தி ஓடவிடுவது கொடுமை. வேட்டைக்காரர் முதலில் தவிர்க்க வேண்டியது அதுதான்.

இரண்டுக்கும் வழக்கமான தோட்டா 30-30. 150 கெஜத்துக்குள் மானுக்கு அது தாராளம். இரண்டிலும் தோட்டாக்களை வைக்கும் மேகசின் குழாய் வடிவம்; அதில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால் கூர்முனைக் குண்டு ஆகாது: பின்வாங்கும் அதிர்வில் முன்தோட்டாவின் அடியில் உள்ள பிரைமரை (தீப்பொறி தரும் மூடியை) அது வெடிக்கச் செய்துவிடலாம். மொட்டை முனைக் குண்டோ காற்றில் சீக்கிரம் வேகம் இழக்கும். ஹார்னடி நிறுவனம் பின்னாளில் கொண்டுவந்த, அழுத்தினால் நெகிழும் கூர்முனைக் குண்டு இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது.

ஆர்தர் சாவேஜ் இதற்கு 1899-லேயே விடை கண்டுவிட்டார். பழைய சாவேஜ் 99-இல் இருப்பது சுழல் மேகசின்; அதில் ஒரு தோட்டாவின் முனை அடுத்ததன் பிரைமரைத் தொடாது. கூர்முனைக் குண்டு தைரியமாகப் போடலாம். 1920-இல் வந்த .300 சாவேஜ் தோட்டாவோடு 200 கெஜத்துக்கும் மேல் நம்பிச் சுடலாம். பொறியியலில் மூன்றிலும் உயர்ந்தது இதுவே. வயல் ஓரத்தில் தொலைவில் மேயும் மானுக்குக் காத்திருப்பவர் வேறெதையும் பார்க்க வேண்டாம். ஆனால் பழையவற்றில் பின்கட்டை உலோகத்தோடு சேருமிடத்தில் விரிசல் காண்பது சகஜம். அங்கே விரலால் தடவிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

மார்லினில் லீவரின் ஒரே திருகைக் கழற்றினால் குழலின் பின்வாயை மூடும் போல்ட் வெளியே வந்துவிடும்; குழலைப் பின்னாலிருந்து துடைக்கலாம். 94-ஐக் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கமிருந்துதான் துடைக்க வேண்டும். பல ஆண்டுகள் கம்பி உரசி வாய் விளிம்பு தேய்ந்திருந்தால் குறி சிதறும். எனவே பழைய 94 வாங்கும்போது மரத்தின் பளபளப்பைப் பார்க்குமுன் குழல் வாயை விளக்கடியில் பாருங்கள்.