டோன் ஹாமர் 500: மூன்று ஆடி, மூன்று தை

டோன் ஹாமர் 500 என்பது பேஸ் கிட்டாருக்கான ஆம்ப். முதலில் அதன் எடையைச் சொல்லிவிடுகிறேன். நான் விழுந்ததே அதில்தான். ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி மட்டும் நான்கு பவுண்டு, அதாவது இரண்டு கிலோவுக்கும் கீழே. லேப்டாப் பையில் போட்டு முன்னால் வைத்துக்கொண்டு, கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரிலேயே தாம்பரம் வரை போய்விடலாம். ஸ்பீக்கர் இருக்கிற பெட்டி, கேபினட், தனிக் கதை. அதற்கு ஆட்டோ வேண்டும், ஆட்டோக்காரருக்கு விளக்கமும் வேண்டும்.

நான் சென்னையில் லைட் மியூசிக் ட்ரூப்பில் பேஸ் வாசிக்கிறவன். பகலில் வேறு வேலை. தையிலும் ஆவணியிலும் கல்யாண ரிசப்ஷன். ஆடியில் கல்யாணம் கிடையாது, அம்மன் கோயில் தெருக்கச்சேரி உண்டு. டிசம்பரில் சர்ச் நிகழ்ச்சி ஒன்றிரண்டு. பதினான்கு வருஷம், சவுண்டு செட்காரர் மேடையில் எதை வைக்கிறாரோ அதில்தான் வாசித்தேன். பெரும்பாலும் பதினைந்து இஞ்ச் ஸ்பீக்கர் போட்ட ஒரு பெட்டி. முன்பக்க வலை கிழிந்திருக்கும். எந்த நாப் வேலை செய்யும் என்பது செட் கட்டுகிற பையனுக்கு மட்டும்தான் தெரியும். சில இடங்களில் அதுவும் இருக்காது. கிட்டாரை நேராக மிக்சரில் சொருகிவிட்டு, பாடகர் காலடியில் இருக்கிற மானிட்டரில் நம் சத்தமும் கொஞ்சம் வருகிறதா என்று கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

மூன்று வருஷத்துக்கு முன் அகிலார் டோன் ஹாமர் 500 ஹெட் ஒன்றும், அதே கம்பெனியின் எஸ்.எல். 112 கேபினட் இரண்டும் வாங்கினேன். என்னுடையது முதல் பதிப்பு. மூன்றுக்கும் கொடுத்த பணத்தில் இரண்டு புது ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். இதை வீட்டில் ஒரே நாளில் சொல்லவில்லை, தவணை முறையில் சொன்னேன்.

முதல் நாள் வீட்டு ஹாலில் வைத்து வாசித்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. தடிப்பாக, கொஞ்சம் மந்தமாக, மூக்கடைத்த மாதிரி ஒரு சத்தம். என் மனைவி கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "பழசுதான் கும்முனு இருந்துச்சு" என்று போய்விட்டார். அவர் சொன்னது சரிதான். பழைய பெட்டியில் எல்லோரையும் போல நானும் அடிச்சத்தத்துக்கான பேஸ் நாபையும் மேல்சத்தத்துக்கான ட்ரெபிள் நாபையும் முழுக்க ஏற்றி, நடுவை இறக்கி வைத்திருப்பேன். ஹாலில் தனியாக வாசித்தால் அது பிரமாதமாக இருக்கும். கூடவே ஒரு ட்ரம்ஸ், ஒரு ரிதம் பேட், ஒரு கீபோர்டு இடது கை சேர்ந்துவிட்டால் அந்தக் 'கும்' எங்கே போகிறதென்றே தெரியாது.

இதற்குக் காரணம் இருக்கிறது. நாலு கம்பி பேஸின் தடித்த கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. வகுத்துப் பாருங்கள், ஒரே ஒரு அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல், ஏறக்குறைய இருபத்தேழு அடி. பல மண்டபங்களில் மேடை அகலமே அவ்வளவுதான். அந்த 41 ஹெர்ட்ஸ், சுவரில் மோதித் திரும்பி, மேடையில் நிற்பவனுக்கு ஒரு அதிர்வாக மட்டும் வந்து சேரும். சுருதியாக வராது. காது சுருதியைப் பிடிப்பது அதற்கு மேலே 82, 123, 164 என்று அதன் மடங்குகளாக அடுக்கி நிற்கிற ஹார்மானிக்ஸை வைத்து. அடியில் இருப்பது காணாமலே போனாலும், மேலே இருப்பதைக் கேட்டு மூளை அதை இட்டு நிரப்பிக்கொள்ளும். உள்ளங்கை அகல ஸ்பீக்கர் உள்ள டிரான்சிஸ்டர் ரேடியோவில் நாம் சின்ன வயதில் பேஸ் கேட்டதும் அப்படித்தான்.

இந்த ஹெட்டில் பேஸ் நாப் 40 ஹெர்ட்ஸிலும் ட்ரெபிள் நாப் 4 கிலோ ஹெர்ட்ஸிலும் வேலை செய்கின்றன. நடுப்பகுதிக்கு இரண்டு நாப். ஒன்று கூட்டிக் குறைக்க. இன்னொன்று எந்த இடத்தில் கூட்டுவது என்று தேட, 180 ஹெர்ட்ஸிலிருந்து 1 கிலோ ஹெர்ட்ஸ் வரை நகரும். நான் கொடுத்த காசில் முக்கால்வாசி இந்த இரண்டாவது நாபுக்குத்தான் என்று இப்போது நினைக்கிறேன். ஏ.சி. மண்டபத்தில், பின்னால் பூ அலங்காரத்துக்கு மரச்சட்டம் அடித்த மேடையில், 200க்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்சம் இறக்கிவிட்டால் அந்தக் குகைச் சத்தம் அடங்கிவிடும். தெருவில் பந்தல் போட்ட மேடையில் தலைகீழ். சுவரே இல்லை, அடிச்சத்தம் காற்றோடு போய்விடுகிறது. அங்கே 600, 700 பக்கம் நகர்த்தி ஏற்றிவிட்டால்தான் நான் எந்த ஸ்வரத்தில் நிற்கிறேன் என்பது எனக்கே தெரிகிறது. முதல் ஆறு மாதம் பேஸ் நாபைத்தான் திருகிக்கொண்டிருந்தேன். இப்போது அது நேராக நிற்கிறது, தொடுவதில்லை.

கேட்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் தெரிந்தது. சிக்கல் நான்தான்.

நாங்கள் வாசிப்பதில் பாதி இளையராஜா. அந்தப் பாட்டுகளில் பேஸ் தாளத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு நிற்காது. பாடகர் குரலுக்கு அடியில் இன்னொரு மெட்டாக நடந்து போகும். ரெக்கார்டிங்கில் சசிதரன் வாசித்ததைக் கேட்டால் ஒவ்வொரு ஸ்வரமும் எங்கே தொடங்குகிறது என்பதோடு எங்கே முடிகிறது என்பதும் தெரியும். ரகுமான் பாட்டில் கீத் பீட்டர்ஸ் வாசிக்காமல் விடுகிற இடத்தைக் கவனியுங்கள். நான் இரண்டையும் பதினான்கு வருஷம் வாசித்தேன், ஆனால் என் ஸ்வரம் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியவே தெரியாது. மேடை இரைச்சலில் தொடக்கம் மட்டும்தான் கேட்கும், மிச்சம் ஊகம். இந்த ஆம்ப் முன்னால் வந்ததும் முதல் தையிலேயே கேட்டது: ஒரு ஸ்வரம் முடியாமல் அடுத்ததன் மேல் படுத்துக்கொண்டிருக்கிறது. கம்பி மாறும்போது பழைய கம்பி பின்னால் முனகுகிறது. இதையா இத்தனை நாள் சபையில் வாசித்தோம் என்று வெட்கமாகிவிட்டது.

அதன் பிறகு மூன்று நான்கு மாதம் வலது கட்டை விரலாலும் இடது கைச் சுண்டு விரலாலும் கம்பியை அடக்குகிற பயிற்சிதான் செய்தேன், புதுப் பாட்டு எதுவும் எடுக்கவில்லை. ஒரு ரிசப்ஷன் முடிந்து இலை போடக் காத்திருந்தபோது ட்ரம்ஸ் தம்பி சொன்னான்: "அண்ணே, இப்பல்லாம் கம்மியா வாசிக்கிறீங்க. கிக் அடிக்க இடம் கிடைக்குது." இத்தனைக்கும் ஸ்வர எண்ணிக்கையை நான் பெரிதாகக் குறைக்கவில்லை. அவற்றைச் சரியான நேரத்தில் முடித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

எடை எப்படிக் குறைந்தது என்று பலர் கேட்கிறார்கள். கிளாஸ் டி வகை இது. வெளியேற்றும் டிரான்சிஸ்டர்கள் நொடிக்கு லட்சக்கணக்கான தடவை முழுக்கத் திறந்து முழுக்க மூடும். பாதி திறந்தபடி நிற்பதில்லை என்பதால் சூடாக வீணாவது குறைவு, பெரிய ஹீட் சிங்க் தேவையில்லை. பவர் சப்ளையில் இரும்பு டிரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் கம்ப்யூட்டரில் இருப்பது போன்ற எஸ்.எம்.பி.எஸ். ஒப்பிட வேண்டுமென்றால், 1969இல் வந்த ஆம்பெக் எஸ்.வி.டி. 300 வாட்டுக்கு 14 வால்வு வைத்திருந்தது. அந்த வழியில் வந்த எஸ்.வி.டி.-சி.எல். 36 கிலோ. வால்வு ஆம்ப் சத்தத்துக்கு ஈடில்லை என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை. அதைத் தூக்கிக்கொண்டு மண்டபத்து மாடிப்படி ஏறட்டும், பிறகு பேசலாம்.

ட்ரைவ் என்று ஒரு நாப் இருக்கிறது. இதே பெயரில் முன்பே வந்த ப்ரீஆம்ப் பெடலில் (காலடியில் வைக்கிற சின்ன டோன் பெட்டி) இருந்த மின்சுற்றின் வழி வந்தது. ஏற்ற ஏற்ற மேல்முனை மழுங்கி, நடுப்பகுதி தடித்து, கடைசியில் லேசாகக் கரகரக்கும். நாபைக் கடிகார முள்ளாக நினைத்தால், நான் ஒன்பது மணியைத் தாண்டுவதில்லை. பழைய பாட்டு மெட்லிக்கு மட்டும் பத்து மணி. கட்டை விரலால் அடித்து வாசிக்கிற ஸ்லாப் பையன்களுக்கு இதன் குணம் இருட்டாகத் தோன்றலாம். ஒருவன் என் ஆம்பில் வாசித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குணா, ஆனா கண்ணாடி போடணும் போலருக்கு" என்றான்.

வாட் விஷயத்தில் ஏமாறாதீர்கள். 500 வாட் என்பது 4 ஓமுக்கு, அதாவது மாட்டுகிற கேபினட்டின் மின்தடை 4 ஓமாக இருந்தால். எஸ்.எல். 112 ஒன்று 8 ஓம் (4 ஓமிலும் கிடைக்கும், என்னிடம் இருப்பது 8). ஒன்றை மட்டும் மாட்டினால் ஹெட் கொடுப்பது 250 வாட். இரண்டையும் பேரலலாக மாட்டினால்தான் 4 ஓம் ஆகி முழு 500 வரும். பவர் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல்தான், காதுக்கு அது கொஞ்சூண்டு. இரண்டாவது கேபினட்டின் உண்மையான லாபம் இன்னொரு பன்னிரண்டு இஞ்ச் கோனும் சேர்ந்து காற்றைத் தள்ளுவது, அதில் அடிச்சத்தத்துக்கு இன்னொரு 3 டெசிபல் கிடைக்கும். மண்டபத்தில் எனக்கு ஒன்றே போதும். ஒரு கேபினட் 25 பவுண்டு, பதினொன்றரைக் கிலோவுக்குள். ஒரு கையில் தூக்கலாம். அதைத் தரையில் வைத்தால் என் முழங்காலுக்குத்தான் பேஸ் கேட்கும். சமையல்கட்டிலிருந்து ஒரு மர ஸ்டூல் கேட்டு வாங்கி அதன் மேல் வைப்பேன். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். ஒருமுறை வைத்தேன், இரண்டாவது பாட்டில் அது மெல்ல மெல்ல மேடை ஓரத்துக்கு நடந்து போனது.

இவ்வளவு செலவழித்த ஆம்பின் சத்தத்தைக் கூட்டத்தில் ஒருவர்கூடக் கேட்பதில்லை. இதை வாங்குமுன் மனத்தில் ஏற்றிக்கொள்வது நல்லது. பின்பக்க டி.ஐ. (கேபினட்டைத் தொடாமல் நேராக வெளியே போகிற துளை) வழியாகத்தான் மிக்சருக்குப் போகிறது, மக்கள் கேட்பது மெயின் ஸ்பீக்கரை. அதிலும் நான் ப்ரீ பக்கம் வைத்துவிடுவேன், அதாவது என் நாப் திருகலுக்கு முன்னால் உள்ள சத்தம் மிக்சரில் இருக்கிற சவுண்டுக்காரருக்கு, திருகியது எனக்கு. ஆரம்பத்தில் போஸ்ட் வைத்து, என் அழகான டோன் சபைக்கும் போகட்டும் என்று ஆசைப்பட்டேன். மேடைக்காக நான் 700ஐ ஏற்ற, அங்கே அவர் அதை இறக்க, நான் திரும்ப ஏற்ற, இடைவேளையில் சவுண்டுக்கார அண்ணன் மேடைக்கே வந்துவிட்டார். "தம்பி, நீ உனக்கு வாசி, நான் ஜனத்துக்குப் பாத்துக்கறேன்." அன்றிலிருந்து ப்ரீதான்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் 'ம்ம்ம்' என்று ஹம் வந்தால் டி.ஐ. பக்கத்தில், அந்தக் கேபிளின் கிரவுண்டை மட்டும் பிரிக்கிற கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, அதைத் தட்டுங்கள். பவர் பிளக்கில் எர்த் பின்னை உடைக்கிற வழக்கம் நம் மேடைகளில் இன்னும் இருக்கிறது. சத்தம் நிற்கும். மைக்கில் உதடு வைத்தவனுக்கு ஷாக்கும் அடிக்கும். ஒரு மண்டபத்தில் கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுத்த நொடியில் எங்கள் கீபோர்டு அடாப்டர் புகைந்துவிட்டது. அப்போது ஆம்ப் ஆஃபில் இருந்தது என் அதிர்ஷ்டம், திறமை ஒன்றுமில்லை. மறுநாளே ரிச்சி தெருவில் ஒரு ஸ்டெபிலைசர் வாங்கினேன். ஆம்பைவிட அது கனம். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால் 230 வோல்ட் மாடல்தானா என்று முதலில் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அமெரிக்கக் கடைச் சரக்கு 120ஆக இருக்கும்.

ஈ.சி.ஆர். பக்கம் கடற்கரைக் கல்யாணம் வாசிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உப்புக் காற்றில் ஒரே சீசனில் என் கிட்டார் கேபிள் பின் பச்சை பூத்துவிட்டது. இப்போது நிகழ்ச்சி முடிந்த இரவே எல்லாப் பின்னையும் துடைத்து, மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடிக்கிறேன். ஹெட்டின் காற்றுத் துளைகளில் பந்தல் தூசி பஞ்சு மாதிரி அடைகிறது, பழைய பெயின்ட் பிரஷ் போதும். கேபினட்டுக்கு, திருகிப் பூட்டுகிற முனை உள்ள ஸ்பீக்கான் கேபிளைத்தான் மாட்ட வேண்டும், அதில் உதிரியாக ஒன்று பையில் இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு எந்த மண்டபத்துத் தெருவிலும் அது கிடைக்காது.

காதில் இன்-இயர் மாட்டி வாசிப்பவர்களுக்கு இது தேவையே இல்லை, நல்ல ப்ரீஆம்ப் பெடல் ஒன்று போதும். வீட்டில் ராத்திரி பயிற்சி செய்கிறவர்கள் கவனிக்க: என்னுடைய பதிப்பில் ஹெட்போன் துளை கிடையாது. அதற்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி வைத்திருக்கிறேன்.

கீபோர்டு அண்ணன் போன வாரம் கேட்டார், இரண்டாவது கேபினட் வருஷத்தில் பத்து மாதம் பரணில்தானே இருக்கிறது, தனக்குக் கொடுத்துவிடலாமே என்று. நல்ல விலைதான் சொன்னார். ஆடி முடியட்டும் என்றிருக்கிறேன்.