அடிவயிற்று வலி: மருத்துவர் கையா, அல்ட்ராசவுண்டா, சி.டி.யா?

மதினி கையில் விளக்கெண்ணெய்க் கரண்டி. அண்ணன் மகள் பாயில் சுருண்டு கிடக்கிறாள். தொப்புளைச் சுற்றிப் போட்ட பெருங்காயப் பற்று காய்ந்து வெடித்திருக்கிறது. போன மழைக்காலத்தில், ரங்கூனில் எங்கள் வீட்டில் நடந்தது இது. "மலச்சிக்கலாத்தான் இருக்கும், ஒரு கரண்டி உள்ள போனா காலையில சரியாயிடும்" என்றார் மதினி. கரண்டியை வாங்கிக் கீழே வைத்தேன். குடல்வால் (அப்பென்டிக்ஸ்) வீங்கியிருந்தால் பேதி மருந்து கொடுக்கவே கூடாது. குடல் முறுக்கித் தள்ளத் தள்ள, வீங்கியது வெடிக்கிற ஆபத்துதான் கூடும். பெருங்காயப் பற்றால் கெடுதல் ஒன்றும் இல்லை, அது இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம் வீட்டில் எழுந்த விவாதம் வேறு. அண்ணனுக்கு நேரே சி.டி. ஸ்கேன் எடுத்துவிட வேண்டும். மதினிக்கு, ஸ்கேன் எடுப்பதென்றால் வயிற்றில் ஜெல் தடவிப் பார்க்கிற அல்ட்ராசவுண்ட் போதும். எனக்கு முதலில் மருத்துவர் கை வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நம் எல்லோருக்கும் தேவைப்படும் என்றுதான் எழுதுகிறேன். அடிவயிற்று வலி யாரையும் விட்டுவைப்பதில்லை.

கையில் இருந்தே தொடங்குகிறேன். கை என்றால் கேள்வியும் சேர்த்துத்தான். பர்மிய மருத்துவரிடம் நம் ஆட்கள் "பைக் நா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். வயிறு வலிக்கிறது, அவ்வளவுதான் அதற்குப் பொருள். வலியின் வகையைச் சொல்லப் பர்மியத்திலும் தனிச் சொற்கள் இருக்கின்றன. தமிழில் நமக்கு இன்னும் வசதி: குத்துது, பிசையுது, முறுக்குது, கடுக்குது, இழுத்துப் பிடிக்குது. இந்தச் சொல் ஒவ்வொன்றும் மருத்துவருக்கு ஒரு துப்பு. மொழிபெயர்க்கப் போகிறவர்கள் தயவுசெய்து அதை "நா" என்ற ஒரே எழுத்தில் கரைத்துவிடாதீர்கள்.

குடல்வால் வலிக்கு ஒரு கடிகாரம் உண்டு. தொப்புளைச் சுற்றி மந்தமாகத் தொடங்கும். பசி போகும். பிறகு குமட்டல், வாந்தி. பன்னிரண்டு மணி நேரமோ ஒரு நாளோ கழிந்து வலது அடிவயிற்றுக்கு இறங்கி, அங்கேயே குடியேறும். இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து தொப்புளுக்கு ஒரு கோடு இழுத்தால், எலும்புப் பக்கம் மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிற புள்ளி அது. மக்பர்னி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1889-இல் குறித்துவைத்தது. எல்லோருக்கும் இந்த வரிசை வராது என்பதும் உண்மை. குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள் இதில் அடிக்கடி ஏமாற்றுவார்கள்.

கிட்னி கல்லின் நடத்தை இதற்கு நேர் எதிர். குடல்வால் நோயாளி அசையாமல் படுத்திருப்பார். இருமினால்கூட முகம் சுளிப்பார், வண்டி பள்ளத்தில் இறங்கினால் கத்துவார். கல் நோயாளியால் ஓரிடத்தில் இருக்கவே முடியாது. எழுவார், நடப்பார், சுவரில் சாய்வார், தரையில் புரள்வார். வலி விலாவின் பின்பக்கம் தொடங்கி அடிவயிற்றுக்கும் தொடை இடுக்குக்கும் ஓடும். நம்முடையது வெப்ப நாடு. கல் நோய் அதிகம் காணும் நிலப்பட்டையில் பர்மாவும் அடக்கம். வெயிலில் நாள் முழுக்க நிற்கிறவர்கள், தண்ணீர் குறைவாகக் குடிக்கிறவர்கள் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

அன்று ராத்திரி நான் செய்த ஒரே உருப்படியான காரியம், பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் மணி எழுதியது. பகல் 2, தொப்புள். மாலை 5, சோறு வேண்டாம் என்றாள். ராத்திரி 9, வாந்தி ஒரு தடவை. விடியற்காலை 3, வலப்பக்கம். மருத்துவமனையில் பெண் மருத்துவர் வந்ததும், "சயாமா" என்று கூப்பிட்டு அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டினேன். அவர் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கையை ஒன்றோடொன்று தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, வலிக்காத இடப்பக்கத்திலிருந்து தொட்டுக்கொண்டே வந்தார். இடப்பக்கம் அழுத்தியபோது அவள் வலப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு "அத்தே" என்றாள்.

இப்படிக் கேட்டதையும் தொட்டதையும் ரத்தப் பரிசோதனையோடு சேர்த்து 10-க்கு மதிப்பெண் போடும் முறை 1986-லிருந்து இருக்கிறது; அல்வராடோ மதிப்பெண் என்பார்கள். வலி இடம் மாறினால் 1, பசியின்மை 1, குமட்டல் 1, வலது கீழ்ப்பக்கம் தொட்டால் வலித்தால் 2, வெள்ளணு கூடியிருந்தால் 2, இப்படி. 7-ம் அதற்கு மேலும் என்றால் குடல்வால் என்று பலமாகச் சந்தேகிக்கலாம். 4-ம் அதற்குக் கீழும் என்றால் வேறு காரணம் தேட வேண்டும். இடையில் நிற்பவர்களுக்குத்தான் ஸ்கேன் உண்மையில் உதவுகிறது.

ஆனால் ஸ்கேனுக்கும் முன்னால் ஒரு சிறு டப்பா சிறுநீர் வேலை செய்துவிடும். ரத்தம் இருந்தால் கல், வெள்ளணுவும் கிருமியும் இருந்தால் நீர்க்கடுப்பு என்று ஒரு பக்கம் காட்டும். முழுதாக நம்பிவிடவும் முடியாது. வீங்கிய குடல்வால் சிறுநீர்ப்பையிலோ சிறுநீர்க்குழாயிலோ உரசிக்கொண்டிருந்தால் சிறுநீரில் சில அணுக்கள் தென்படும். "யூரின் இன்ஃபெக்‌ஷன்தான்" என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டு, மூன்றாம் நாள் வயிறு முழுக்கச் சீழோடு திரும்பி வருகிறவர்கள் இப்படி உருவாகிறவர்கள்தான்.

அதே டப்பாவில் கர்ப்பப் பரிசோதனையும் செய்ய வேண்டும். இதில்தான் நம் வீடுகளில் சண்டை வருகிறது. மருத்துவர் மதினியைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொன்னார். "கல்யாணம் ஆகாத பொண்ணுகிட்ட இதெல்லாம் கேக்கலாமா?" என்று மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. கேட்கத்தான் வேண்டும், மதினி. கரு கர்ப்பப்பைக்கு வெளியே, கருக்குழாயில் தங்கிவிட்டால் அது வெடித்து வயிற்றுக்குள் ரத்தம் கொட்டும். ஒரு மணி நேரத்தில் உயிர் போகலாம். நூறு கர்ப்பத்தில் ஒன்றிரண்டு அப்படித்தான் அமைகின்றன. தீட்டு தள்ளிப்போய் அடிவயிறு வலித்து, தலைசுற்றி, தோள்பட்டை நுனியில் காரணமில்லாமல் வலித்தால் எந்த ஒப்பீடும் வேண்டாம், வண்டி பிடியுங்கள். பிள்ளை பெறும் வயதில் இருக்கிற எல்லாப் பெண்ணுக்கும் இந்தப் பரிசோதனை செய்வது மானப் பிரச்சினை இல்லை, உயிர்க் கணக்கு.

சரி, அல்ட்ராசவுண்ட். கதிர்வீச்சு இல்லை, விலை குறைவு, கரண்ட் போய்ப் போய் வருகிற ஊரில் சின்ன ஜெனரேட்டரிலும் ஓடும். பெண்களுக்கு இதுதான் முதல் ஸ்கேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சினைப்பைக் கட்டி, கருக்குழாய்க் கரு இவற்றை சி.டி.யைவிட இதுவே நன்றாகக் காட்டும். சினைப்பை முறுக்கிக்கொள்வதற்கும் முதலில் இதைத்தான் பார்ப்பார்கள், ஆனால் ரத்த ஓட்டம் தெரிகிறது என்பதற்காக முறுக்கு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. கருவியை மெல்ல அழுத்திக் காற்றை ஒதுக்கிக் குடல்வாலைத் தேடும் முறையையும் நெதர்லாந்து மருத்துவர் பொய்லார்ட் 1986-இல் விவரித்தார். அழுத்தினாலும் நசுங்காமல் 6 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தால் வீக்கம் என்று கொள்வார்கள். குறை எங்கே என்றால், பார்க்கிறவரின் கைத்திறமையையே நம்பியிருக்கிறது. உடம்பு பருமனாக இருந்தாலோ குடலில் காற்று நிறைந்திருந்தாலோ குடல்வால் கண்ணில் படாது.

எங்கள் வீட்டுப் பெண்ணுக்கும் படவில்லை. கர்ப்பப்பை, சினைப்பை இரண்டும் சரி, குடல்வால் தென்படவில்லை. அந்த வரியை அண்ணன் "குடல்வால் நல்லா இருக்கு" என்று படித்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார். இந்தத் தவறைப் படித்தவர்களும் செய்கிறார்கள். தென்படவில்லை என்றால் கேள்வி அப்படியே நிற்கிறது என்றுதான் அர்த்தம்.

சி.டி. இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் முடித்துவைக்கும். குடல்வால் வீக்கத்தை 100-க்கு 95 அளவில் கண்டுபிடிக்கும், இல்லை என்றால் இல்லை என்று தைரியமாகச் சொல்லும். ஆனால் வயிறும் இடுப்பும் சேர்த்து ஒரு முறை எடுத்தால் சுமார் 8 முதல் 10 மில்லிசீவர்ட் கதிர்வீச்சு. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் நமக்கு இயல்பாக வருவது உலக சராசரியில் வருடத்துக்கு 2.4 தான், அப்படியானால் மூன்று நான்கு வருடத்து அளவு ஒரே நாளில். ஐம்பது வயதுக்காரருக்கு அது பெரிய விஷயம் இல்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு யோசிக்க வேண்டும். நரம்பில் ஏற்றும் சாய மருந்து, சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு ஆகாமல் போகலாம். விலையும் அல்ட்ராசவுண்டைவிடப் பல மடங்கு.

கல் விஷயத்தில் சாயம் ஏற்றாத சி.டி.க்கு இணை கிடையாது, சின்னக் கல்லையும் காட்டிவிடும். இருந்தும் 2014-இல் அமெரிக்காவின் 15 அவசரப் பிரிவுகளில் 2,700-க்கு மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வில், அல்ட்ராசவுண்டில் தொடங்கியவர்களுக்கு ஆபத்தான நோய் தவறிப்போவது கூடவில்லை, கதிர்வீச்சுதான் குறைந்தது. எனவே கல்லுக்கும் என் ஓட்டு முதலில் அல்ட்ராசவுண்டுக்கு. 5 மில்லிமீட்டருக்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே வெளியேறும்.

வயதானவர்களுக்கு மட்டும் என் வரிசை தலைகீழ். அறுபதைத் தாண்டியவருக்கு முதன்முதலாக வருகிற "கல் வலி" சில சமயம் வயிற்றின் பெரிய ரத்தக்குழாய் வீங்கிக் கசிவதாக இருக்கும். அங்கே சி.டி.க்குத் தயங்கக் கூடாது. இன்னொன்று, குடல் சுவரில் பை பைபோல் வளர்ந்து வீங்கும் நோய் மேற்கு நாட்டில் பெரும்பாலும் இடப்பக்கம் வரும். ஆசியர்களுக்கு அடிக்கடி வலப்பக்கம் வந்து குடல்வால் போலவே வேஷம் போடும். இங்கே காசநோயும் அதிகம். வாரக்கணக்கில் வலப்பக்கம் வலி, மாலையில் காய்ச்சல், எடை குறைவு என்றால் குடல் காசநோயை நினைக்க வேண்டும்; அதற்கு சி.டி. பாதி பதில்தான் தரும், குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தால்தான் உறுதி.

நான்காவதாக ஒரு போட்டியாளரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை: மருத்துவர் கண் முன்னால் ஆறு மணி நேரம் காத்திருப்பது. எங்கள் சயாமா அதைத்தான் சொன்னார். வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் நரம்பில் தண்ணீர், வலிக்கு ஊசி. பரிசோதித்த பிறகு வலி ஊசி போட்டால் நோய் மறைந்துவிடும் என்ற பழைய பயத்துக்கு இடமில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. நான் பயப்படுவது மருந்துக்கடையில் பொட்டலம் கட்டித் தருகிற கலவை மாத்திரைக்கு. அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் காய்ச்சலும் வயிற்று இறுக்கமும் அடங்கி, உள்ளே சீழ் மட்டும் வளரும். மதியம் மறுபடி தொட்டுப் பார்த்தார், ரத்தத்தில் வெள்ளணு ஏறியிருந்தது, இரண்டாம் அல்ட்ராசவுண்டில் குடல்வால் 9 மில்லிமீட்டரில் தென்பட்டது. சி.டி. தேவைப்படவில்லை.

அண்ணன் அப்போதும் விடவில்லை: "ஊசி மருந்திலேயே சரி பண்ண முடியாதா?" முடியும், சிலருக்கு. 2020-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் ஆன்டிபயாட்டிக் மட்டும் எடுத்தவர்களில் 10-க்கு 3 பேர் 90 நாளுக்குள் அறுவைக்கு வந்தார்கள். குடல்வாலுக்குள் கல் அடைத்திருந்தவர்கள் இன்னும் அதிகம். நல்ல மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு அது ஒரு வழி. பெகு நகருக்கு அப்பால் கிராமத்தில், ராத்திரி வண்டி கிடைக்காத இடத்தில் இருக்கிறவருக்கு நான் அறுவையைத்தான் சொல்வேன். இவளுக்கும் அன்று மாலையே துளை போட்டு எடுத்துவிட்டார்கள்.

ஒன்றை இன்னும் சொல்லவில்லை. வளர்ந்த பையன்கள் அடிவயிறு வலி என்று சொல்லும்போது, விரை முறுக்கிக்கொண்டிருப்பதை வெட்கத்தில் மறைக்கிறார்கள். அதற்குச் சுமார் 6 மணி நேரம்தான் அவகாசம்; தாண்டினால் விரையைக் காப்பாற்றும் வாய்ப்பு வேகமாகக் குறையும். அப்பாவோ மாமாவோ கதவைச் சாத்திக்கொண்டு, "கீழ வலிக்குதாடா?" என்று நேராகவே கேளுங்கள்.